இடிந்த சுவரும் வற்றாத குளமும்

ஃபுகுஷிமா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு வீடியோதான். 2011 மார்ச் 12 அன்று முதலாம் அணு உலைக் கட்டடத்தின் மேல்பகுதி வெடித்துப் புகை கிளம்பும் காட்சி அது. பல கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு டிவி நிலையத்தின் கேமராவில் பதிவானது. 14-ஆம் தேதி மூன்றாம் உலைக் கட்டடம், 15-ஆம் தேதி காலை நான்காம் உலைக் கட்டடம் என்று வரிசையாக வெடித்தன. உலகமே அந்தப் படங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது. பார்த்தது சரி, புரிந்துகொண்டது சரியா?

நான்காம் உலையையே எடுத்துக்கொள்ளலாம். நிலநடுக்கம் வந்தபோது அது ஓடவே இல்லை. பராமரிப்புக்காக நிறுத்தி, எரிபொருள் முழுவதையும் கட்டடத்தின் மேல்தளக் குளத்துக்கு மாற்றியிருந்தார்கள். குளத்தில் மொத்தம் 1,535 எரிபொருள் கட்டுகள். ஓடாத உலைக் கட்டடம் ஏன் வெடித்தது? தண்ணீர் வற்றி, சூடேறிய எரிபொருளிலிருந்து ஹைட்ரஜன் வந்திருக்கும் என்று பலரும் கணக்குப் போட்டார்கள். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றைய தலைவர் கிரிகோரி யாஸ்கோ, குளத்தில் தண்ணீர் இல்லை என்று நம்புவதாக மார்ச் 16 அன்று அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார்.

அதே நாளில் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த வீடியோவில், இடிபாடுகளுக்கு நடுவே தண்ணீர் மினுங்குவது தெரிந்தது. பிறகு தண்ணீர் மாதிரி எடுத்தார்கள், குளத்துக்குள் கேமரா இறக்கினார்கள். கட்டுகள் ஏறக்குறைய அப்படியே இருந்தன. ஹைட்ரஜன் வந்தது மூன்றாம் உலையிலிருந்து, இரண்டுக்கும் பொதுவான காற்றுப்போக்கிக் குழாய் வழியாக! 2014 டிசம்பருக்குள் 1,535 கட்டுகளும் அந்தக் குளத்திலிருந்து பத்திரமாக எடுக்கப்பட்டுவிட்டன.

இதற்கு நேர்மாறு இரண்டாம் உலை. அதன் கட்டடம் வெளியே பார்க்க முழுசாகவே நின்றது. உள்ளே எரிபொருள் உருகிப்போயிருந்தது. ஆக, சிதைந்து தெரிந்த இடத்தில் எரிபொருள் பத்திரம், நன்றாகத் தெரிந்த இடத்தில் நாசம்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கிடங்கின் கூரை காற்றில் பறந்துவிட்டால், அந்தப் படத்தை மட்டும் பார்த்து உள்ளே இருந்த சரக்கு முழுவதையும் நஷ்டக் கணக்கில் எழுதிவிட முடியுமா? ஆடிட்டர் உள்ளே போய் எண்ணிப் பார்க்கச் சொல்வார். கூரை நன்றாக இருக்கிறது என்பதற்காக எண்ணாமல் விட்டுவிடவும் மாட்டார். அணு உலைக்கும் இதே விதிதான்.

நம்மூருக்கு வருவோம். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு இடிந்தகரை மக்கள் கூடங்குளத்துக்கு எதிராகத் திரண்டார்கள். டிவியில் பார்த்துப் பயந்துவிட்டார்கள் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. 2012 நவம்பரில் பயம் கிருஷ்ணகிரி மாவட்ட எல்லை வரைக்கும் வந்தது. கூடங்குளம் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்தபோது, கழிவை வைக்கும் இடமாகக் கோலார் தங்கவயல் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. 2001-லேயே மூடப்பட்ட சுரங்கம் அது, சுற்றிலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். போராட்டம் கிளம்பியதும், அங்கே கழிவைக் கொட்டும் திட்டம் இல்லை என்று மத்திய அரசு விளக்கம் சொன்னது. முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தால் இத்தனை கலவரம் ஏன்?

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் கூடங்குளத்துக்கு அனுமதி தந்து, 15 நிபந்தனைகளையும் விதித்தது. பயன்படுத்திய எரிபொருளைச் சேமிக்கும் வளாகத்துக்காக 2019 ஜூலை 10-ல் நடக்க இருந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், எதிர்ப்பு எழுந்ததும் தள்ளிவைக்கப்பட்டது.

நான்காம் உலை பற்றிய பீதியை அடக்கியது அதிகாரிகளின் ஆறுதல் வார்த்தை இல்லை. இன்னொரு வீடியோவும், தண்ணீர் மாதிரியும், எண்ணிக்கையும்தான். கூடங்குளத்திலும் குளத்தின் நீர்மட்டம், கட்டுகளின் எண்ணிக்கை, உள்ளே எடுத்த படங்கள் ஆகியவற்றை ஆண்டுதோறும் தமிழில் வெளியிடலாமே? கம்பெனிகள் வருடா வருடம் பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டுகின்றன. உலைக்குப் பக்கத்திலேயே வாழும் மக்களுக்கு அந்த உரிமைகூடக் கிடையாதா? கணக்கைக் காட்டாதவரை, ஜப்பானில் எடுத்த ஒரு வீடியோதான் இங்கே சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்.