அண்மையில் படித்த மூன்று நூல்கள்

தறிக்கும் ஏருக்கும் நடுவே புத்தகத்துக்கு நேரம் ஏது என்று அங்கத்தினர் பலர் கேட்கின்றனர். நியாயமான கேள்விதான். ஆயினும் அண்மையில் நாம் படித்த மூன்று நூல்கள், அந்த நேரத்தை எப்பாடுபட்டேனும் தேடிக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தையே உறுதிப்படுத்தின.

முதலாவது, தொ. மு. சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்'. 1953-இல் வெளிவந்த இந்நாவல், விடுதலைக்குப் பின் நெல்லைச் சீமைக் கைத்தறியாளர் பட்ட பாட்டைக் கூறுகிறது. தறியில் அமர்ந்தவனின் கைத்திறனில் குறையேதுமில்லை. நூலின் விலையும் துணியின் விலையும் அவனுக்கு எட்டாத இடத்தில் முடிவாகின்றன. பசி அங்கே பிறக்கிறது. இவ்வுண்மையை இத்தனை தெளிவாகக் காட்டிய நூலை நாம் அதிகம் கண்டதில்லை.

இரண்டாவது, ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-இல் வந்தது. கொங்கு நாட்டுக் குடியானவக் குடும்பம் ஒன்றில், கணவனை இழந்த நாகம்மாள் தன் பங்கு நிலத்தைப் பிரித்துத் தரக் கேட்கிறாள். கொழுந்தன் சின்னப்பன் இணங்கவில்லை. மனத்தாங்கல் முற்றிக் கொலையில் முடிகிறது. அவள் பங்கு கேட்டது தவறென்று நமக்குத் தோன்றவில்லை. வழக்கை நடுநிலையோடு பேசித் தீர்க்க ஓரிடம் இல்லாமற்போனதே கேட்டுக்கு வழி திறந்தது என்பது நம் கருத்து.

இவ்விரு நூல்களும் நோயைக் காட்டுகின்றன. மருந்தை ஓரளவு காட்டுவது மூன்றாவது நூல். அது இங்கிலாந்தின் ராச்டேல் முன்னோடிகளைப் பற்றி ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் 1858-இல் வெளியிட்ட வரலாறு. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் தொடங்கிய சங்கம், மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பண்டங்களோடு ஒரு சிறு கடையைத் திறந்தது. சரியான எடை, கலப்பில்லாச் சரக்கு, கொள்முதலுக்கேற்ற பங்கு ஆகியவை அவர்கள் கொள்கை. ஆசிரியர் சில இடங்களில் புகழ்ச்சியை அளவுக்கு மீறிச் சொரிகிறார், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். நம்மைக் கவர்ந்தது வேறொன்று. அவர்கள் பிற்பாடு லாபத்தில் நூற்றுக்கு 2.5 வீதம் கல்விக்கென ஒதுக்கி, நூலகமும் படிப்பகமும் நடத்தினர். வயிற்றுக்காகத் தொடங்கிய சங்கம் அறிவையும் தன் சரக்காகக் கொண்டது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. மகாசபையில் ஐந்தொகையைப் படித்துப் பாராமல் கையெழுத்திடும் அங்கத்தினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். படித்துக் கேள்வி கேட்போர் குறைந்தால் சங்கம் பெயருக்குப் பலருடையதாகவும், உண்மையில் சிலருடையதாகவும் ஆகிவிடும். கதை படித்துப் பழகிய கண்ணுக்குக் கணக்கும் அச்சமூட்டாது. பிறர் துன்பத்தை நூலில் உணர்ந்தவன், பக்கத்துத் தறிக்காரனின் கூலி பாக்கியையும் தன் காரியமாக எண்ணுவான்.

ஆகையால் ஒவ்வொரு சங்கமும் ஓர் அலமாரியேனும் ஒதுக்கி, இத்தகைய நூல்களை வாங்கி வைத்தல் நலம். எழுத்தறியாத முதியோர்க்கு வாரம் ஒருநாள் மாலையில் இளைஞர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டலாம். இதற்காகும் செலவு சொற்பம். அடுத்த மகாசபைக்கு முன்பே இதைத் தொடங்கிவிடுமாறு அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.