தூரமும் நேரமும்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக் கொடுக்கிறோம். கணக்கு என்ற அளவில் அதில் பிசகு ஒன்றும் இல்லை. ஆயினும், ஐரோப்பாவின் படத்தை விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நகரங்களைத் தொட்டுப் பார்த்தால், அந்தச் சூத்திரத்தில் ஒன்று விட்டுப் போயிருப்பது விளங்கும்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்ஸிங்கி. ருஷியாவின் பழைய தலைநகர் ஸெயிண்ட் பீட்டர்ஸ்பர்க். இரண்டும் ஒரே வளைகுடாவின் கரையில் இருப்பவை. ஆகாய மார்க்கமாய் இடையே சுமார் 300 கிலோமீட்டர், அதாவது 185 மைல்தான். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கும் விமானத்துக்கு இது 23 நிமிஷ வேலை. தரையில் ஊர்வதற்கும், மேலே ஏறுவதற்கும், இறங்குவதற்கும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு மணி.

இவ்விரு நகரங்களையும் 1870-ம் வருஷத்திலேயே இருப்புப்பாதை இணைத்துவிட்டது. அப்போது பின்லாந்து ஜார் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1917-ல் சுதந்திரம் அடைந்தது. 2010 டிசம்பரில் 'அல்லெக்ரோ' என்னும் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் அது மூன்றரை மணி நேரத்துக்குள் பிரயாணத்தை முடித்தது. காலையில் புறப்பட்டு உறவினரைக் கண்டு, இரவே வீடு திரும்பலாம்.

2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷியப் படைகள் உக்ரேனுக்குள் பிரவேசித்தன. சில தினங்களுக்குள் ஐரோப்பிய யூனியன் தன் ஆகாயத்தை ருஷிய விமானங்களுக்கு அடைத்தது. ருஷியாவும் பதிலுக்கு அடைத்தது. மார்ச் 27-ந் தேதியோடு ரயிலும் நின்றது. தஞ்சம் கோருவோரை ருஷியா வேண்டுமென்றே அனுப்புகிறது என்று கூறி, 2023 டிசம்பரில் பின்லாந்து தரை எல்லைச் சாவடிகளையும் மூடிவிட்டது.

பின் எப்படிப் போவது? கப்பலில் எஸ்தோனியாவுக்குப் போய், நார்வா நகரை அடைந்து, ஆற்றுப் பாலத்தைக் கடப்பது ஒரு வழி. 2024 பிப்ரவரியில் அங்கே வண்டிகளும் நின்றுவிட, ஜனங்கள் பெட்டி படுக்கையுடன் நடந்தே கடக்கலாயினர். மற்றொரு வழி, துருக்கியின் இஸ்தான்புல் வரை பறந்து, அங்கிருந்து மீண்டும் வடக்கே பறப்பது. நேர்க்கோட்டில் அளந்தாலே அது 4,000 கிலோமீட்டருக்கு மேல். உக்ரேன் ஆகாயமும் அடைபட்டதால், அந்த நேர்க்கோட்டிலும் பறக்க இயலாது. ஒரு மணிப் பிரயாணம் இவ்வாறு ஒரு பகலையோ ஓர் இரவையோ விழுங்கிவிட்டது.

பின்லாந்தில் ருஷிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 80,000-க்கு மேற்பட்டோர். எல்லைக்கு அப்பால் வயது சென்ற பெற்றோரை உடையவர்கள் அவர்களிற் பலர். தாயாருக்கு உடல்நலமில்லை என்ற செய்தி ஒரு நொடியில் வந்து சேர்ந்துவிடும். மகன் போய்ச் சேருவதற்குள் என்ன ஆகுமோ!

வளைகுடா அகன்றுவிடவில்லை, விமானத்தின் வேகமும் குறைந்துவிடவில்லை. அண்டை வீட்டார் இருவர் பகைத்துக்கொண்டால் நடுவிலுள்ள கதவு அடைபடுகிறது. பகையில் பங்கில்லாதவர்களும் ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பூமியில் இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள தூரத்தை மைல் கற்கள் மட்டும் நிர்ணயிப்பதில்லை. சமாதானத்துக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.