பாடியது பாடியபடியே

பழைய கதைப்பாடல்களைப் பாடத் தெரிந்தவர்கள் டென்மார்க்கில் இனி அதிகம் இருக்க மாட்டார்கள் என்று படித்தவர்கள் நினைத்திருந்த காலம். 1867 வாக்கில், அந்நாட்டின் யூட்லாந்துத் தரிசு நிலப்பகுதியில் எவால்ட் டாங் கிறிஸ்டென்சன் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர் குடிசை குடிசையாக நடந்து போய்ப் பாட்டுக் கேட்கத் தொடங்கினார். பாடியவர்கள் பெரும்பாலும் ஏழைகள், வயதானவர்கள். 1871இல் அவருடைய முதல் நூல் வந்தது. வாழ்நாள் முழுவதும் சேர்த்தவை சுமார் 3,000 பாடல்கள், 1,000 மெட்டுகள்.

பாராட்டோடு வசையும் வந்தது. தாளம் ஓரடியில் நீள்கிறது, அடுத்த அடியில் குறுகுகிறது. இப்படியா மெட்டு இருக்கும்? வாத்தியாருக்குச் சுரம் எழுதத் தெரியவில்லை என்றார்கள் வல்லுநர்கள். அவர் திருத்தவில்லை. காதில் விழுந்ததைத்தான் எழுதினேன் என்று நின்றார்.

ஆஸ்திரேலியாவில் பிறந்த இசையமைப்பாளர் பெர்சி கிரெய்ஞ்சர் 1922இல் ஒலியைப் பதியும் போனோகிராப் கருவியோடு யூட்லாந்துக்கு வந்தார். கிறிஸ்டென்சனுக்கு வயது 79. இருவரும் சேர்ந்து ஊர் ஊராகப் போனார்கள். கிராமத்தார் குழல்முன் பாட, மெழுகு உருளையில் ஊசி கீறியது. கருவி பதிந்த பாட்டும் ஆசிரியர் முன்பு எழுதிய மெட்டும் ஒரே போக்கில் இருந்தன. நீண்டும் குறுகியும் வந்த அந்தத் தாளம் பாடகர்களுடையதே; எழுதியவரின் தடுமாற்றம் அல்ல.

அந்தப் பயணத்தில் ஆனே நீல்சன் போஸ்ட் என்ற பெண் ஒரு பழைய காதல் பாட்டைப் பாடினார். ‘காதலின் வலிமை’ என்ற பெயரில் அதை இசையமைத்த கிரெய்ஞ்சர், பின்னர் தன் டேனிஷ் நாட்டார் இசைத் தொகுப்பில் அதையே முதலில் வைத்தார்.

வல்லுநர்களின் தவறு சுரக் கணக்கில் மட்டும் இல்லை. ஏட்டில் படித்த இலக்கணத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்தவரின் குரலையே பிழை என்றார்கள். கிறிஸ்டென்சன் பாடியவரை நம்பினார். மெட்டோடு நிற்காமல் அவர்களுடைய பெயர், ஊர், பட்ட பாடு எல்லாவற்றையும் எழுதி வைத்தார். ஒரு புகைப்படக்காரரை உடன் அழைத்துப் போய் அவர்களைப் படமெடுக்கவும் செய்தார். அந்தக் காலத்தில் ஏழை எளியவர்களுக்கு இந்த மரியாதை எளிதில் கிடைக்கக்கூடியதல்ல. இசைத் திறமைக்கு ஈடாக இதையும் அவருடைய சாதனையாகச் சொல்ல வேண்டும்.

கிரெய்ஞ்சரின் தொகுப்பை இன்றும் பல நாடுகளில் வாசிக்கிறார்கள். அதை மேடையேற்றும் குழுக்கள், நிகழ்ச்சி நிரலில் இசையமைப்பாளரின் பெயருக்குப் பக்கத்தில் ஆனே நீல்சன் போஸ்ட்டின் பெயரையும் கிறிஸ்டென்சனின் பெயரையும் அச்சிட வேண்டும்.