எட்டு மணி நேர அம்மாக்கள்

ஆபீஸில் யாருக்காவது புரமோஷன் வந்தால் போதும், ஒரு யோசனை கிளம்பிவிடும்: "ஏதாவது ஹோமுக்குப் போய் சாப்பாடு போட்டுட்டு வரலாம் சார்." செம்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு அது மான்குர்த். 1927-ல் தொடங்கிய சில்ட்ரன்ஸ் எய்ட் சொசைட்டியின் இல்லங்கள் அங்கே இருக்கின்றன. சாப்பாடு போடுவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. போட்டுவிட்டு வந்து, "இன்னொரு ஹால் கட்டிக் கொடுத்தா இன்னும் நிறைய குழந்தைகளைச் சேர்க்கலாம்" என்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பெரிய பிள்ளைகளை விடுங்கள். நான் சொல்வது தொட்டில் குழந்தைகளைப் பற்றி. (மான்குர்த்தை மட்டும் சொல்லவில்லை, ஊர் ஊராக இதே கதைதான்.) கைக்குழந்தைக்கு வேண்டியது ஒரே ஆள். அழுதால் வருகிற அதே முகம், அதே குரல், அதே வாசனை. இல்லத்து ஆயாம்மா தங்கமானவராகவே இருக்கட்டும். ஷிஃப்டு முடிந்தால் அவர் வீட்டுக்குப் போகத்தானே வேண்டும்? கான்ட்ராக்ட் முடிந்தால் வேறு ஆள். ஒருவருக்குப் பல தொட்டில்கள். பால், அழும்போது வராது. மணி அடிக்கும்போது வரும். கொஞ்ச நாளில் குழந்தை அழுவதை நிறுத்திவிடும். பார்க்கப் போகிறவர்கள் "எவ்வளவு சமர்த்து!" என்பார்கள். முன்பின் தெரியாதவர் மடியில் ஓடி வந்து ஏறினால் "எவ்வளவு பாசம்!" என்று போட்டோ வேறு. மனநல மருத்துவர்கள் இந்த இரண்டையும் கவலைப்பட வேண்டிய அறிகுறிகளாகப் பார்க்கிறார்கள்.

நான் பி.காம்., எண்ணைக் காட்டினால்தான் நம்புவேன். ருமேனியாவில் 1989-ல் சௌசெஸ்கு விழுந்தபோது அரசு இல்லங்களில் லட்சத்துக்கும் மேல் குழந்தைகள். 2000-ல் நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புகாரெஸ்டில் 136 குழந்தைகளை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மூன்றரை வயதில் அளந்த அறிவு வளர்ச்சியின் சராசரி: இல்லத்துப் பிரிவு 77, குடும்பத்துக்குப் போனவர்கள் 86, சொந்த வீட்டில் வளர்ந்தவர்கள் 103. இரண்டு வயதுக்குள் போனவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள்.

"அது ருமேனியா சார், நம்மூர் ஆயாக்கள் பாசக்காரங்க" என்பார்கள். பாசம் ஆயாவிடம் இருக்கலாம். டியூட்டி சார்ட்டில் அதற்கு இடமில்லையே!

நம் 2015 சிறார் நீதிச் சட்டமே இல்லத்தைக் கடைசி வழி என்கிறது. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குட்பட்டதென்றால், இரண்டு மாதத்துக்குள் தத்து கொடுக்கலாம் என்று அறிவித்துவிட வேண்டும். அம்மா உயிரோடு இருந்து, வறுமையால் விட்டுவிட்டுப் போன குழந்தை? அதை எளிதில் தத்துக் கொடுத்துவிடவும் முடியாது. வளர்ப்புக் குடும்பத்துக்கான 2024 வழிகாட்டுதலோ இல்லத்தில் இருக்கும் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களைத்தான் கணக்கில் எடுக்கிறது. மூளை வேகமாக வளரும் வருடங்கள் முழுக்கத் தொட்டில் வரிசையில் போய்விட்டால், அப்புறம் குடும்பம் கிடைத்து என்ன?

அந்த அம்மாவுக்கும் வழி இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில், கணவனை இழந்த ஏழைப் பெண் குழந்தையைத் தன்னிடமே வைத்து வளர்க்க மாதம் 4000 ரூபாய் உதவி கேட்கலாம். அதற்கு விண்ணப்பம், சான்றிதழ்கள், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். மான்குர்த் லல்லுபாய் காம்பவுண்டில் வீட்டு வேலைக்கு ஓடுகிற பெண்ணுக்கு இதையெல்லாம் யார் சொல்வது?

ஹாலுக்கு வசூல் செய்யும் நண்பர்களே, இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை நமக்கு லீவுதானே. அங்கே ஒரு மேசை போடுங்கள். கணக்கு திறக்கும் படிவத்தோடு நான் வருகிறேன்.