குப்பையில் பிறந்த சிலையும் குப்பை அள்ளிய கையும்

கொரட்டூர்க்காரர்களுக்குப் பழைய இரும்பு புதிதல்ல. பக்கத்திலேயே அம்பத்தூர் தொழிற்பேட்டை. தேய்ந்த பல்சக்கரமும், உடைந்த பேரிங்கும், அறுந்த சைக்கிள் செயினும் காயலான் கடைக்குப் போவதை அன்றாடம் பார்க்கிறவர்கள் அவர்கள். நேற்றுவரை பேரீச்சம்பழத்துக்குப் போட்ட அந்த இரும்பு, இன்று நகரங்களில் சிலையாகிப் பூங்காவில் நிற்கிறது. பெரிய மனிதர்கள் வந்து பார்த்து, "ஆகா, குப்பையிலும் கலை!" என்று வியக்கிறார்கள்.

கலை வரட்டும். நாம் அதற்கு விரோதிகள் அல்ல. ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்தக் குப்பையை அள்ளியது யார்? தரம் பிரித்தது யார்? வெல்டிங் வைத்தது யார்? அவர்கள் பெயர் எங்கே?

2019-ல் அன்றைய தெற்கு டில்லி மாநகராட்சி, சராய் காலே கானில் ஒரு பூங்காவைத் திறந்தது. சுமார் 150 டன் பழைய இரும்பிலும் கழிவுப் பொருளிலும் தாஜ்மகால், ஈபில் கோபுரம் முதலிய ஏழு அதிசயங்களின் மாதிரிகளைச் செய்து வைத்தார்கள். ஜனங்கள் சீட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். நல்ல வேலைப்பாடுதான். ஆனால் தாஜ்மகால் என்றால் ஷாஜகான் பெயர்தான் நிலைத்தது. கல் சுமந்தவன் பெயர் மறைந்தது. பழைய இரும்பில் செய்த தாஜ்மகாலுக்கும் அதே கதிதானா?

சண்டிகர் வேறொரு பாடம் சொல்கிறது. அந்தப் புதுநகரை எழுப்பப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. நேக் சந்த் என்ற சாலை மேற்பார்வையாளர், அந்த இடிபாட்டுக் குவியலிலிருந்து உடைந்த பீங்கானையும் வளையல் துண்டையும் சைக்கிளில் ஏற்றிச் சென்று, 1950-களின் இறுதியிலிருந்து காட்டுக்குள் யாரும் அறியாமல் சிலைகள் செய்தார். சர்க்கார் கண்டுபிடித்தபோது, சட்டப்படி அது ஆக்கிரமிப்பு! ஆனால் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள். 1976-ல் அது பொதுப் பூங்காவாயிற்று. அவருக்குச் சம்பளமும், துணைக்கு 50 தொழிலாளர்களும் கொடுக்கப்பட்டார்கள். மக்கள் நின்றால் சர்க்காரும் இறங்கி வரும் என்பதே அந்தப் பாடம்.

நம் சென்னையில் என்ன நிலைமை? 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்கு ஒப்படைப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. குப்பைக்குப் பீடம் கட்டும் நகரம், குப்பை அள்ளியவரை நடைபாதையிலிருந்து இழுத்துச் செல்கிறது. இதுவா கலைப் பற்று?

ஏரியையும் மறக்கலாகாது. ஒரு காலத்தில் வயலுக்குப் பாய்ந்த கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பதை எதிர்த்து ஊர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போயிற்று. கரையில் பிளாஸ்டிக் பாட்டிலால் மீன் சிலை வைத்துவிட்டு, தண்ணீரில் உள்ள மீனைச் சாகவிட்டால், அந்தச் சிலை அலங்காரமல்ல, முகமூடி.

ஆகவே நாம் சொல்வது இதுதான். கொரட்டூரில் சிலை எழுமானால், அதை இந்த வட்டாரத்து வெல்டரும் பிட்டரும் செய்யட்டும். 'சேவை' என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காமல், முழுக் கூலி கொடுக்கட்டும். குப்பை பிரித்த பெண்ணின் பெயரையும் பீடத்தில் பொறிக்கட்டும். முதலில் ஏரிக்கு வரும் கழிவை அடைக்கட்டும்.

மெரினாவில் 1959-ல் எழுந்த, ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். 1923-ல் தோழர் சிங்காரவேலர் மே தினக் கொடி ஏற்றிய அதே கடற்கரை. நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். அதில் ராஜாவும் இல்லை, முதலாளியும் இல்லை. ஒருவன் கையை எடுத்தால் பாறை நகராது.

தோழர்களே, சிலைக்கு உகந்த உருவம் அதுதான். ஊருக்கு உகந்த வழியும் அதுதான்!