பஞ்ச காலத்துப் படிக்காசு

துன்ப காலத்தில் ஈசுவரனுடைய வழிகாட்டலை நம்பியிருப்பது மனிதனைச் சோம்பேறியாக்கும் என்று வாதித்து, அதற்கு அப்பர் என்னும் திருநாவுக்கரசரையே உதாரணமாகக் காட்டும் அன்பர், பெரியபுராணத்தைச் சிரத்தையோடு வாசித்ததாகத் தோன்றவில்லை.

திருவீழிமிழலையில் மழை பொய்த்து ஜனங்கள் பசியால் வாடியபோது, அப்பரும் திருஞானசம்பந்தரும் இறைவனைச் சரணடைய, அவன் கனவில் தோன்றி, நாள்தோறும் கிழக்குப் பீடத்திலும் மேற்குப் பீடத்திலும் ஒவ்வொரு காசு வைத்தருளினான் என்கிறார் சேக்கிழார். அன்னமாக அருளவில்லை, காசாகவே அருளினான் என்பதை அன்பர் கவனிக்க வேண்டும். அதைக் கடைவீதிக்குக் கொண்டுபோய், அரிசி முதலிய பண்டங்கள் வாங்கி, உலையேற்றி, வந்த அடியார்க்கெல்லாம் இலையிட்டுப் பரிமாறியவை மனிதக் கரங்களே. இதனினும் நுட்பமானது, சம்பந்தர் பெற்ற காசுக்கு வணிகர் வட்டம் (கழிவு) கேட்க, அப்பர் பெற்ற காசு குறைவின்றிச் செல்லுபடியானதும், அதற்குக் காரணம் அவர் செய்துவந்த கைத்தொண்டே எனச் சேக்கிழார் காட்டுவதும். (சம்பந்தரும் பின்னர்ப் பதிகம் பாடி நற்காசு பெற்றார்.)

பக்தியின் பெயரால் கடமையைத் தட்டிக்கழிப்போர் உண்டு. அவர்களை அன்பர் கண்டிக்கட்டும், நானும் உடன் நிற்பேன். ஆனால் உழவாரத்தைக் கைவிடாமல் தலந்தோறும் புல் செதுக்கியவரை, நீற்றறையில் அடைபட்டும் கல்லோடு கடலில் தள்ளப்பட்டும் கலங்காதவரை, முதுமையில் கயிலை நோக்கி நடந்து, கால் தேய்ந்தபின் கையாலும், கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து சென்ற அப்பரைச் சோம்பலுக்குச் சாட்சியாக நிறுத்த எந்த நியாயமும் இடந்தராது.