நூலகக் கிழமை வருகின்றது!

நவம்பர் 14 முதல் 20 வரை நூலகக் கிழமை. ஊர்தோறும் கிளை நூலகங்களில் பேச்சுப்போட்டியும் நூற்கண்காட்சியும் உறுப்பினர் சேர்க்கையும் நடைபெறும், நன்று! ஆனால், மேடை கலைந்த மறுநாள் அங்கு எத்தனை சிறுவர் நுழைவர்?

விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதல் 1948இல் பொதுநூலகச் சட்டம் கண்டது அன்றைய சென்னை மாநிலம். அதற்கு அயராதுழைத்தவர் சீர்காழி அரங்கநாதனார். அச்சட்டத்தால்தான் நம் வீட்டுவரியோடு நூலகவரியும் தண்டப்படுகின்றது. நூலகம் எவரோ ஈந்த கொடையன்று, நம் பணம்! நாட்டுடைமையான பாவாணர் நூல்கள் அடுக்கில் உளவா என உரிமையோடு கேளுங்கள். இல்லையேல், வாங்குமாறு எழுதிக் கொடுங்கள். கதைசொல்லும் நிகழ்ச்சி தமிழிலேயே நடக்கட்டும். (‘வாசகர் வட்டம்’ என்பது ‘படிப்போர் வட்டம்’ ஆனால் எவர்க்கு இழப்பு?) இக்கிழமை முடியுமுன் ஒவ்வொருவரும் ஒரு சிறுவனையோ சிறுமியையோ அழைத்துச்சென்று உறுப்பினராக்குங்கள்.